நடிகை எழுதிய ருசி

1965ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றவர் தில்லியில் பிறந்த மதுர் ஜாஃப்ரி. படம் ‘ஷேக்ஸ்பியர் வாலா’. எட்டு ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே பெயர் நியூயார்க்கின் க்னாஃப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஆன் இன்விடேஷன் டு இண்டியன் குக்கிங்’ என்ற சமையல் நூலின் அட்டையில் வந்தது. 1982இல் பிபிசி அவரை வைத்து ஒரு சமையல் தொடர் எடுத்தது. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்துகொண்டார்கள். இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிவிட்டார். மேலைநாட்டு வாசகர்களிடம் இன்று அவர் பெயரைச் சொன்னால் சமையல்தான் நினைவுக்கு வருகிறது. பெர்லின் விருதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. இத்தகைய வாழ்க்கையைச் சொல்லப் புகும்போது எளிதாக வந்து விழும் கதை ஒன்று உண்டு: நடிக்க வந்தார், வாய்ப்புகள் வற்றின, பிழைப்புக்காக எழுத்தைப் பிடித்தார், அதிலே பெயர் வாங்கிவிட்டார். இந்தக் கதையின் தகவல்கள் ஓரளவு உண்மைதான். ஆனால் அவற்றைக் கோத்திருக்கும் நூல் தவறானது. மதுர் ஜாஃப்ரி நடிப்பை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தவர் அல்லர். நடிகையாக அவர் கற்ற வித்தைதான் அவருடைய எழுத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த வித்தை கைவராத ஒருவர், எவ்வளவு நன்றாகச் சமைப்பவராக இருந்தாலும், இந்த நூல்களை எழுதியிருக்க முடியாது. அவரும் தம்மை முதலில் நடிகை என்றே சொல்லி வந்திருக்கிறார். அதைத் தன்னடக்கம் என்று ஒதுக்கிவிடாமல், சொன்னபடியே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அவர் பிறந்தது 1933 ஆகஸ்ட் 13 அன்று, தில்லியின் சிவில் லைன்ஸ் பகுதியில், மாத்தூர் காயஸ்தர் குடும்பம் ஒன்றில். காயஸ்தர்கள் பரம்பரையாக எழுத்தர்கள், கணக்கர்கள். முகலாய அரசாங்கத்தில் பாரசீகம் கற்று வேலை பார்த்தவர்கள். பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலம் கற்று வக்கீல்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனவர்கள். அந்த வரலாறு முழுவதும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் படிந்திருந்தது. தாத்தாவின் பெரிய வீட்டில், கூட்டுக்குடும்பத்தில், முகலாயர் வழி வந்த இறைச்சிப் பதார்த்தங்களும், வீட்டுப் பெண்கள் கைவிடாத சைவச் சமையலும், ஆங்கிலேயர் பழக்கிவிட்ட கேக்கும் டோஸ்டும் சேர்ந்தே புழங்கின. பள்ளியில் முஸ்லிம், ஜைன, பஞ்சாபித் தோழிகள் கொண்டுவந்த மதியச் சாப்பாடு வேறு வேறு வீடுகளின் ருசியைக் காட்டியது. 1947இன் பிரிவினை அந்தத் தோழமையைக் குலைத்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தந்தூர் அடுப்புச் சமையலைத் தில்லியில் பரப்பினார்கள். தரியாகஞ்சில் மோத்தி மஹால் உணவகம் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். ஒரு நகரத்தின் நாக்கு சில வருடங்களுக்குள் மாறுவதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். ஆனால் இத்தனையும் அவர் உண்டும் பார்த்தும் அறிந்தவை. சமைத்து அறிந்தவை அல்ல. வீட்டில் சமையலுக்கு ஆட்கள் இருந்தார்கள். பள்ளியில் சமையல் தேர்வில் அவர் தோற்றுப்போனார்.

அந்தத் தோல்வியை வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அது இந்த வாழ்க்கையின் மையமான சான்றாகத் தோன்றுகிறது. தில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம், அகில இந்திய வானொலியில் வேலை, சயீத் ஜாஃப்ரியும் நண்பர்களும் 1951இல் தொடங்கிய யூனிட்டி தியேட்டர் குழுவில் நாடகம், பிறகு 1950களின் நடுவில் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் என்று அவர் பாதை முழுக்க நடிப்பை நோக்கியே போனது. சமையல் தெரியாமலேயே லண்டன் போய்ச் சேர்ந்தார். உணவுப் பங்கீடு ஒழிந்து அதிக காலம் ஆகாத ஊர் அது. கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்தில் கிடைத்ததோ நிறம் செத்த மாட்டிறைச்சியும் தண்ணீரில் வெந்த முட்டைக்கோசும். அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா விமானத் தபாலில் செய்முறைகளை எழுதி அனுப்பினார். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் செய்முறைகளைப் போலவே அவையும் சுருக்கமானவை, அளவைக் கையின் பொறுப்பில் விட்டுவிடுபவை. எழுதியவருக்குக் கை பழகியிருந்தது. படித்தவருக்கு நாக்கு மட்டுமே பழகியிருந்தது. ஆகவே அவர் தலைகீழாக வேலை செய்ய வேண்டியிருந்தது. முடிந்த பண்டத்தின் ருசி நினைவில் துல்லியமாக இருக்கிறது. அதை எட்டும்வரை முன்னேயும் பின்னேயும் போய் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வழி வந்த நடிப்புப் பயிற்சியில் புலன் நினைவுக்குத் தனி இடம் உண்டு. இல்லாத வெயிலை உடம்பு உணர வேண்டும், காலிக் கோப்பையில் சூடு தெரிய வேண்டும். எந்தப் பள்ளி வழியில் நடிப்புக் கற்றாலும் இந்தத் திறமை இல்லாமல் மேடையேற முடியாது. தில்லியில் சாப்பிட்ட ஒரு கவளத்தை லண்டன் அறையில் நினைவிலிருந்து எழுப்பியதும் அதே வகை உழைப்புதான்.

கூர்ந்து பார்ப்பதும் நினைவில் வைப்பதும் எந்த நல்ல எழுத்தாளருக்கும் வேண்டியவைதானே, இதில் நடிப்புக்கு என்ன தனி உரிமை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமையல் எழுத்தின் தன்மையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நாவலாசிரியர் எழுதியதை வாசகர் மனதுக்குள் பார்த்தால் போதும். சமையல் எழுத்தாளர் எழுதியதை வாசகர் தம் உடம்பால் செய்தாக வேண்டும். வெங்காயம் வதங்கி எந்த நிறத்துக்கு வரும்போது அடுத்த பொருளைச் சேர்ப்பது, எண்ணெய் எப்போது மசாலாவை விட்டுப் பிரிகிறது, சீரகம் பொரிவதற்கும் கருகுவதற்கும் நடுவில் இருக்கும் சில விநாடிகள் எப்படித் தெரியும் என்பதெல்லாம் உடம்பு அறிந்த நேரக்கணக்கு. இதைப் பழகியே இராத ஓர் உடம்புக்கு வார்த்தையால் கடத்த வேண்டும். ஒரு செயலை அதன் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்துப் பார்ப்பதும், எந்த அசைவை எப்போது செய்தால் எதிரில் இருப்பவருக்குப் புரியும் என்று கணிப்பதும் நடிகரின் அன்றாட வேலை. பிறவிச் சமையல்காரர்கள் பலர் நன்றாக எழுதாமல் போவதற்குக் காரணமும் இதுதான். அவர்கள் கைக்குத் தானாக வருவதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை. தேர்வில் தோற்று, கடிதத்தின் வழியே கற்ற பெண்ணுக்கு ஒவ்வொரு அடியும் நினைவிருந்தது.

சமையல் எழுத்துக்குள் அவர் வந்த வழியும் நடிப்பின் வழிதான். சயீத் ஜாஃப்ரியை மணந்து 1950களின் கடைசியில் அமெரிக்காவில் குடியேறினார். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற குடியேற்ற வரம்பு அமலில் இருந்த காலம் அது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அந்தத் தடை விலகியது. இந்திய முகங்களே அரிதாக இருந்த ஊரில் இந்திய நடிகைக்கு யார் பாத்திரம் எழுதுவார்கள்? நண்பர்களாக இருந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட், ஜேம்ஸ் ஐவரி இருவரும் தங்கள் படங்களில் கொடுத்த வேடங்களே அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ‘ஷேக்ஸ்பியர் வாலா’ 1966இல் நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது, படத்துக்கு விளம்பரம் தேடிய மெர்ச்சன்ட், ‘நியூயார்க் டைம்ஸ்’ உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளெய்போர்னிடம் தம் நடிகை நன்றாகச் சமைப்பார் என்று சொன்னார். கிளெய்போர்ன் எழுதினார். நடிகை அடுப்படியிலும் நட்சத்திரம் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அதற்குள் திருமணம் முறிந்திருந்தது. மூன்று பெண் குழந்தைகளை வளர்க்க வேண்டிய பொறுப்பு இருந்தது. பத்திரிகைகளுக்கு உணவைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் எழுதினார்.

அப்படியானால் இது சினிமாப் புகழில் விற்ற சரக்குதானே என்று சொல்பவர்கள் தேதிகளைப் பார்க்க வேண்டும். கிளெய்போர்னின் கட்டுரை 1966இல். நூல் வந்தது 1973இல். விளம்பர வெளிச்சத்தைக் காசாக்க நினைப்பவர் யாரும் ஏழு ஆண்டுகள் காத்திருக்க மாட்டார். மேலும் அவர் அமெரிக்காவில் பெரிய நட்சத்திரமும் அல்லர். சிறு முதலீட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் இரண்டாம் நாயகியாக நடித்தவர். புகழ் கொடுத்தது ஒரு திறப்பை மட்டுமே. அதற்குள் நுழைந்து நின்றது உழைப்பால். நூலை ஏற்றுப் பதிப்பித்தவர் க்னாஃப் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸ். ஜூலியா சைல்டும் தோழியரும் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலை 1961இல் கொண்டுவந்தவர். நிராகரிப்புக் குவியலில் கிடந்த ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை அமெரிக்கப் பதிப்புக்கு மீட்டுக் கொடுத்தவரும் அவரே. குரல் உள்ள எழுத்தை அடையாளம் காண்பதில் அவருக்கு இருந்த தேர்ச்சிக்கு இந்த இரண்டு நூல்களே போதுமான சான்று. அவர் ஒரு நடிகையின் பெயருக்காகக் கையெழுத்துப் படியை வாங்கியிருப்பார் என்று நம்புவது கடினம்.

அந்த முதல் நூல் இந்திய அடுப்படியை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கவில்லை. அமெரிக்க வாசகரின் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதப்பட்டது. அம்மிக்கும் உரலுக்கும் பதிலாக மின்சார அரவைக் கருவியில் இஞ்சியையும் பூண்டையும் சிறிது தண்ணீர் விட்டு விழுதாக்கச் சொன்னார். கோழியின் தோலை உரித்துவிடச் சொன்னார். டப்பாவில் அடைத்து விற்ற கறி பவுடரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் அதற்குரிய மசாலாவைத் தனியாக வறுத்துப் பொடிக்க வற்புறுத்தினார். எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடிவாதமாக நிற்பது என்ற இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது. கருவி மாறலாம், பாத்திரம் மாறலாம், ருசி மாறக் கூடாது. இன்னொரு சிறப்பும் உண்டு. செய்முறைக்கு முன்னால் வரும் சிறு முன்னுரைகளில் ஒரு மனுஷி பேசுகிறார். அந்தப் பண்டத்தை யார் சமைத்தார்கள், எந்தப் பருவத்தில், எந்த வேளையில் உண்டார்கள் என்று ஒரு வீடே எழுந்து வருகிறது. இந்தியாவைப் பார்த்திராத வாசகர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். அந்த வீட்டைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்லியிருந்தால், வாசகர் பெயர் தெரியாத பொடிகளின் பட்டியலைத்தான் பார்த்திருப்பார்.

இவருக்கு முன்னால் யாரும் எழுதவில்லையா? எழுதினார்கள், அதை மறைத்து இவரைப் புகழ்வது பிழை. சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை 1951இலேயே வெளியிட்டுவிட்டார். ஆங்கிலத்தில், சாவித்ரி சௌத்ரியின் நூல் 1954இல் பிரிட்டனில் வந்தது. தில்லியில் சமையல் வகுப்பு நடத்திய திருமதி பல்பீர் சிங்கின் நூல் 1961இல் வந்தது. அளவும் ஒழுங்கும் கொண்ட அருமையான நூல் அது. தரம்ஜித் சிங்கின் நூலைப் பெங்குவின் 1970இல் போட்டது. செய்முறையின் நுணுக்கத்தில் இவர்கள் யாரும் குறைந்தவர்கள் அல்லர். மீனாட்சி அம்மாள் எழுதியது நம் வீட்டுக்குள் புதிதாக அடுப்படிக்கு வந்த பெண்ணுக்கு. சாம்பார் என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜாஃப்ரிக்கு வாய்த்த வாசகருக்கோ அந்தப் பண்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரியாதவருக்கு முதலில் ஆசையை உண்டாக்க வேண்டும், அப்புறம் தைரியம் கொடுக்க வேண்டும், அதன் பிறகே அளவு. எதிரில் இருக்கும் கூட்டத்தின் அறியாமையைக் குற்றமாக நினைக்காமல், அதிலிருந்தே தொடங்கி அவர்களைத் தம் பக்கம் இழுப்பது மேடைக்காரர்களின் பழக்கம்.

1982இல் பிபிசி எடுத்த ‘மதுர் ஜாஃப்ரிஸ் இண்டியன் குக்கரி’ தொடரில் இது கண்கூடாகத் தெரிந்தது. பிரிட்டனில் அப்போதே ஊருக்கு ஊர் இந்திய உணவகங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த வங்காளிகள். அந்த உணவகங்களில் உருவான பட்டியலையே ஆங்கிலேயர்கள் இந்தியச் சாப்பாடு என்று அறிந்திருந்தார்கள். அதைப் பழிக்காமல், இது வேறு, வீட்டுச் சமையல் வேறு என்று காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. சேலையில், நிதானமான குரலில், ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் காட்டி, கேமராவைப் பார்த்து ஒரே ஒரு ஆளிடம் பேசுவதைப் போலப் பேசினார். அவசரம் இல்லை, அசட்டுச் சிரிப்பு இல்லை. கொத்தமல்லித்தழையும் எலுமிச்சையும் சேர்த்த கோழியை அவர் ஒரு நிகழ்ச்சியில் சமைத்துக் காட்டியதும் மான்செஸ்டர் நகரில் கொத்தமல்லித்தழை விற்றுத் தீர்ந்துவிட்டது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். காலமும் கைகொடுத்தது. ‘காந்தி’ படம் 1982இல், ‘ஹீட் அண்ட் டஸ்ட்’ 1983இல், ‘தி ஜூவல் இன் தி கிரவுன்’ தொடர் 1984இல் என்று பிரிட்டன் இந்தியாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் அந்த அலை வடிந்த பின்னும் அவருடைய நூல் அச்சில் இருந்தது. காலம் கைகொடுத்ததால் மட்டும் அது நடக்காது.

கடுமையான எதிர்ப்பு வேறொன்று. தில்லியின் வசதியான உயர்சாதிக் குடும்பத்துப் பெண் ஒருவர் தம் வீட்டு ருசியை இந்தியாவின் ருசி என்று மேலைநாட்டுக்குக் காட்டிவிட்டார் என்பது அது. முதல் நூலைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. அது தில்லியையும் அதைச் சுற்றிய வட்டாரத்தையும் மையமாகக் கொண்டது. தலைப்போ ‘இந்திய’ என்று பரந்து பேசியது. தென்னாட்டு வாசகருக்கு அது உறுத்தத்தான் செய்யும். அந்தக் குறையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே அவருக்குச் சாதகமான வாதம். 1985இல் வந்த ‘எ டேஸ்ட் ஆஃப் இண்டியா’வில் வட்டாரம் வட்டாரமாகப் போய், அந்தந்த ஊர் வீடுகளின் சமையலைப் பதிவு செய்தார். 1990களின் நடுவில் பிபிசிக்காகச் செய்த ‘ஃப்ளேவர்ஸ் ஆஃப் இண்டியா’வில் கேரளம், கோவா, குஜராத், பஞ்சாப், வங்காளத்தோடு தமிழ்நாட்டுக்கும் தனி இடம் கொடுத்தார். 2015இல் ‘வெஜிடேரியன் இண்டியா’ வந்தபோது அவருக்கு 82 வயது. அதில் செய்முறை தந்த வீட்டுச் சமையல்காரர்களின் பெயர்களைச் சொல்லியே எழுதினார். இந்த நூல்களில் அவர் செய்தது ஒரு பதிப்பாசிரியரின் வேலை. வாய்வழியாக மட்டுமே இருந்ததைக் கேட்டு, பார்த்து, அளந்து, தம் அடுப்பில் மீண்டும் சமைத்துச் சரிபார்த்து, எது நூலுக்குப் போகும் எது போகாது என்று தீர்மானிப்பது. பெரும்பாலும் பெண்களின் கையில் மட்டும் இருந்த, அவர்களோடு மறைந்துவிடக்கூடிய அறிவு இப்படி அச்சேறியது. ஏழைகளின் சாப்பாட்டையும், சாதி விலக்கிய சாப்பாட்டையும் அவர் போதிய அளவு தொடவில்லை என்ற குறை அப்படியே இருக்கிறது. அதை இன்றைய எழுத்தாளர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி ஐம்பது வருடங்களில் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1973இல் ‘கறி’ என்ற முத்திரையை இந்தியச் சமையலுக்கு இழுக்கு என்று கண்டித்தவர் 2003இல் அதையே தலைப்பில் வைத்து ஒரு பெரிய நூல் எழுதினாரே என்பதையும் சிலர் முரணாகக் காட்டுகிறார்கள். அந்த நூலைத் திறந்தால் விஷயம் விளங்கும். கடல் கடந்து போன இந்தியத் தொழிலாளர்களோடும் வணிகர்களோடும் மசாலாக் குழம்புகள் தென்கிழக்கு ஆசியா, தென்னாப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று போய் அங்கங்கே எப்படி மாறின என்பதையும் அது பின்தொடர்கிறது. டப்பாப் பொடியின் மேல் இருந்த கோபம் குறையவில்லை. உலகம் முழுக்கப் பரவிவிட்ட ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டத் தெரிந்த பெயரைப் பயன்படுத்தினார். இதைச் சரணாகதி என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் எதிர்வாதம் கடைசியாக வருவது. சமையல் புகழ் அவருடைய நடிப்பை விழுங்கிவிட்டது. அதை அவரே அனுமதித்தார். ஆகவே அவர் நடிகை என்று சொல்வதெல்லாம் ஆசை மட்டுமே என்கிறார்கள். திரைப்பட உலகம் அவருக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். ‘ஷேக்ஸ்பியர் வாலா’வில் அவர் சசி கபூரின் காதலியாக, கர்வமும் பொறாமையும் நிறைந்த திரை நட்சத்திரம் மஞ்சுளாவாக நடித்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து ‘ஹீட் அண்ட் டஸ்ட்’ படத்தில் அதே சசி கபூரின் தாயாக, நவாபின் அம்மா பேகமாக நடித்தார். இருவருக்கும் வயது வித்தியாசம் ஐந்தே ஆண்டுகள். காதலியாக இருந்த பெண் தாயாகிறாள், காதலனாக இருந்தவன் நாயகனாகவே தொடர்கிறான். நாற்பதைத் தாண்டிய நடிகைக்குத் திரையில் இருந்த இடம் அவ்வளவுதான். அதிலும் மேலைநாட்டில் வாழும் இந்திய நடிகைக்கு இன்னும் குறைவு. அந்த ஒடுங்கிய இடத்திலும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. 1975இல் ‘ஆட்டோபயாகிராஃபி ஆஃப் எ பிரின்சஸ்’ படத்தில், ஜேம்ஸ் மேசனுக்கு எதிரில், லண்டனில் வாழும் இந்திய இளவரசியாக அநேகமாக ஒரே அறைக்குள் ஒரு படத்தையே தாங்கினார். லூயி மால் இயக்கிய ‘வான்யா ஆன் 42ஆம் ஸ்ட்ரீட்’ படத்தில் வந்தார். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகத்துக்காக 2004இல் பிராட்வே மேடையேறினார்.

1999இல் வந்த ‘காட்டன் மேரி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1950களின் கேரளக் கடற்கரையில், ஓர் ஆங்கிலேயக் குடும்பத்துக்குள் புகுந்து, தன்னையும் ஆங்கிலேயராகவே நினைத்துக்கொள்ளும் ஆங்கிலோ-இந்தியச் செவிலியின் கதை. மெர்ச்சன்டோடு சேர்ந்து இயக்கியதோடு, அந்தப் பாத்திரத்தையும் அவரே ஏற்றார். ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தினர் தங்களை இழிவுபடுத்துவதாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அரிதாகவே திரைக்கு வரும் ஒரு சமூகத்தை அந்தப் படம் நோயாளி மனதோடு சேர்த்துக் காட்டிவிட்டது. ஆனால் நடிப்பை மட்டும் தனியாகப் பார்த்தால், அது துணிச்சலானது. வீட்டுக்கு வீடு அன்பான சமையல் ஆசிரியையாக அறியப்பட்ட ஒருவர், 65 வயதைத் தாண்டிய பிறகு, பார்ப்பவர்கள் அருவருக்கும் ஒரு பெண்ணாக மாறிக் காட்டினார். சமையல் பிம்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் அந்த வேடத்தை எடுத்திருக்கவே மாட்டார். நடிப்பைச் சமையல் விழுங்கியது என்பதைவிட, திரையுலகம் கொடுக்க மறுத்த நீண்ட, முழுமையான பாத்திரத்தை அவர் எழுத்தில் தமக்குத்தாமே எழுதிக்கொண்டார் என்பதுதான் சரி. அந்த நூல்களின் பக்கங்களில் பேசுகிற ‘நான்’ கவனமாக உருவாக்கப்பட்ட பாத்திரம். அவள் பொய்யானவள் என்று அர்த்தம் இல்லை. நல்ல நடிப்பில் பொய் இருக்காது.

2005இல் வெளியான ‘கிளைம்பிங் தி மேங்கோ ட்ரீஸ்’ இந்த வாதத்துக்குக் கிடைக்கும் முழுமையான சான்று. தில்லிச் சிறுமியின் பார்வையிலிருந்து கூட்டுக்குடும்பத்தின் பாசத்தையும், அதற்குள் இருந்த அதிகாரத்தையும், பிரிவினைக்கு முந்திய தோழமையையும் அது சொல்கிறது. செய்முறைகளைக் கடைசியில் தனியாக வைத்துவிடுகிறது. மாமரத்தில் ஏறிய பிள்ளைகள் காயைப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் இடங்களில் சமையல் எழுத்தும் நினைவோட்டமும் நாடகக் காட்சியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 1985இல் குழந்தைகளுக்காக எழுதிய ‘சீசன்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ புராணக் கதைகளிலும் இதே குரல்தான். மூன்று வகை நூல்களை எழுதியவர் ஒரே கலைஞர் என்பது இவற்றை அடுத்தடுத்துப் படித்தால் எளிதில் புலப்படும்.

இந்திய அரசு 2022இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது, சமையல் கலைக்காக. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை வாழ்நாள் சாதனை விருதை வழங்கியது, அதுவும் உணவுக்காக. இரண்டும் தகுதியானவருக்கே போய்ச் சேர்ந்தன. ஆனால் நடிகைக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். அவருடைய செய்முறைகளை இணையத்தில் தேடிச் சமைக்கும் வாசகர்கள், நேரம் ஒதுக்கி ‘ஷேக்ஸ்பியர் வாலா’வையும் ‘ஆட்டோபயாகிராஃபி ஆஃப் எ பிரின்சஸ்’ படத்தையும் பாருங்கள். அதன் பிறகு அவருடைய நூல் எதையாவது கையில் எடுத்து, செய்முறையைத் தாண்டி, அதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில வரிகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.